சனிக்கிழமை ஆறு மணிக்கு நிற்கும் வரிசை

கிவிலம்பித் தொலைபேசிக் கூட்டுறவுச் சங்கத்தின் மெயில் சர்வர், பழைய தொலைபேசி நிலையத்தின் பின்னறையில் இருக்கிறது. ஏப்ரல் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்கு, என் அத்தை வெர்னா கல்லியோ அதன் முன்னால் உட்கார்ந்து காலியான ஒரு பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து இருபது கடிதங்களாவது அதில் காத்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை.

தொலைபேசி அடித்தது. மரம் அறுக்கும் சா மில்லை நடத்தும் பெல்டோனென் சகோதரர்களில் இளையவர், ரோட்னி. ஞாயிறு காலையில் முதல் அழைப்பு எப்போதும் அவருடையதுதான். ரம்பச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர் என்பதால், அத்தை ரிசீவரைக் காதில் அழுத்தி வைத்திருந்தும் அறை முழுக்கக் கேட்டது.

“வழக்கமானதுதான் வெர்னா. டேலுக்கு எழுதினது. நேத்து ராத்திரி ஏழே முக்கால் இருக்கும். தூக்கிப் போட்டுடு.”

அத்தை காலிப் பட்டியலை இன்னொரு முறை திறந்து பார்த்தார்.

“வெர்னா? இருக்கியா, தூங்கிட்டியா?”

“இருக்கேன். உன் லெட்டர்தான் இல்ல.”

“இல்லன்னா?”

“வரிசையில இல்ல ரோட்னி. போயிடுச்சு. உன்னோடது மட்டும் இல்ல, எல்லாருதும்.”

“இதோ வரேன்” என்று ரோட்னி போனை வைத்தார்.

எங்கள் ஊரில் சனிக்கிழமை என்றால் சவுனா என்ற நீராவிக் குளியல். மாலை ஐந்து மணிக்கே எல்லா வீட்டுப் பின்புறத்திலும் புகை கிளம்பிவிடும். சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி, வேர்த்து வழிந்து, வெளியே வந்து பீர் திறந்ததும் மனிதர்கள் உண்மை பேச ஆரம்பிப்பார்கள். முன்பெல்லாம் அந்த உண்மை வேலியைத் தாண்டாது. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்த பிறகு அது கடிதமாகி ஊர் சுற்றியது. ஒரே குளிர்காலத்தில் இரண்டு நிச்சயதார்த்தங்கள் முறிந்தன. பாதிரியார் வேறு ஊர் பார்த்துக்கொண்டார். தீயணைப்புப் படையிலிருந்து ஐந்து பேர் விலகினார்கள். அந்த வருட ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் கை தூக்கி ஒரு முடிவு செய்தார்கள். சனி மாலை ஆறு மணியிலிருந்து ஞாயிறு மதியம் பன்னிரண்டு வரை உறுப்பினர்கள் எழுதும் எந்தக் கடிதமும் வெளியே போகக் கூடாது. சர்வரிலேயே காத்திருக்கட்டும். மனம் மாறியவர்கள் காலையில் வெர்னாவுக்குப் போன் போட்டு எடுத்துக்கொள்ளலாம். அவசரம் என்றால் வாய் இருக்கிறது, போன் இருக்கிறது.

பதினேழு வருடமாக அப்படித்தான் நடந்தது. பாதிப் பேர் அனுப்பாமல் இருப்பதற்கென்றே எழுதினார்கள். சனிக்கிழமை கொட்டித் தீர்த்துவிடலாம், ஞாயிறு காலையில் வெர்னா இருக்கிறார் என்று.

ரோட்னி நான்கு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணன் டேலுக்கு ஒரு கடிதம் எழுதினார். மில்லில் எனக்கும் உனக்கும் இனி ஒத்துவராது, நான் விலகுகிறேன் என்று. ஒவ்வொரு ஞாயிறும் அதைத் திரும்ப எடுத்தார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இருவரும் ஒரே ரம்பத்தின் இரு முனைகளிலும் நின்றார்கள். இந்த முறை கடிதம் போய்விட்டது. டேல் ஞாயிறு தேவாலயம் முடிந்து ஒரு மணிக்கு மில்லுக்குப் போய், ஆர்டர் வந்திருக்கிறதா என்று மெயிலைத் திறப்பார். இன்னும் ஐந்து மணி நேரம்.

தவறு அத்தையுடையது. சர்வருக்குள்ளே பின்னணியில் சில வேலைகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அத்தை அவற்றை ஆட்கள் என்றுதான் சொல்வார். கடிதம் வாங்குகிறவன், வரிசையில் நிறுத்தி யாரை எப்போது அனுப்புவது என்று பார்க்கிறவன், உள்ளூர்ப் பெட்டியில் போடுகிறவன், வெளியூருக்கு ஏற்றுகிறவன். சனிக்கிழமை ஆறு மணிக்கு அவர் உறுப்பினர்களின் வரிசைக்காரனை மட்டும் நிறுத்துவார். மற்றவர்கள் ஓடுவார்கள். வெளியூரிலிருந்து வருகிற கடிதங்களுக்கு வேறொரு வரிசைக்காரன் உண்டு, அவன் நிற்பதில்லை.

மார்ச் மாதம், பெட்டியில் போடுகிறவன் ஒரு வியாழக்கிழமை தானாக விழுந்து செத்தான். அத்தை பல் பிடுங்கிக்கொண்டு படுத்திருந்தார். மறுநாள் மதியம் வரை ஊரில் யாருக்கும் கடிதம் வரவில்லை. நிர்வாகக் குழு கூடி, யார் விழுந்தாலும் உடனே எழுப்பிவிட ஒரு ஏற்பாடு வேண்டும் என்றது. அத்தை ஒரு காவல்காரனை எழுதினார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிவந்து, பட்டியலில் உள்ள எவனாவது நின்றிருந்தால் எழுப்பிவிடுவான். அந்த ஞாயிறுக்கு முந்தைய புதன்கிழமை அவனை வேலையில் வைத்து, ஒவ்வொருவராகத் தாமே சாய்த்துப் பார்த்தார். எல்லோரும் எழுந்தார்கள். அன்று சாப்பாட்டு மேசையில் இரண்டு முறை அதைப் பற்றிப் பேசினார். அவருக்கு அது அதிகம்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு வழக்கம்போல வரிசைக்காரனை நிறுத்தினார். நின்றதைப் பார்த்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு சவுனாவுக்குப் போனார். அவர் படியிறங்குவதற்குள் காவல்காரன் வந்து எழுப்பிவிட்டுவிட்டான்.

“எப்படி மறந்தேன்னே தெரியல” என்றார் என்னிடம். “புதன்கிழமை யோசிக்கறப்போ சனிக்கிழமை ஞாபகமே வரல.”

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து நான் அவர் வீட்டு மாடியில் தங்கியிருந்தேன். வாரம் மூன்று நாள் சங்கத்தில் போன் எடுப்பேன். ஞாயிறு என் வேலை நாள் இல்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

போனவற்றின் பதிவை அவர் எடுத்தார். யார் எழுதியது, யாருக்கு, எத்தனை மணிக்கு. அவ்வளவுதான் அதில் இருக்கும். மொத்தம் பதினேழு. ஏழு நாற்பத்திரண்டு, ரோட்னியிடமிருந்து டேலுக்கு. அவர் தோளுக்கு மேல் நான் படித்துக்கொண்டே வந்தேன். ஒன்பது பத்து, டேலிடமிருந்து ரோட்னிக்கு.

“அத்தை, டேலும் எழுதியிருக்காரா?”

“நீ எதையும் பார்க்கல” என்றார். குரலை உயர்த்தவில்லை.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதில் இதே கட்டடத்தில் ஸ்விட்ச்போர்டில் உட்கார்ந்தவர். ஊரின் எல்லாப் பேச்சும் அவர் காதுவழிதான் போயிற்று. ஒருநாள் டாக்டரின் அழைப்பை அவர் அப்பாவுக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, இணைத்துக் கொடுத்தார். இணைப்பு சரியாக விழுந்ததா என்று கேட்ட இரண்டு நொடியில் நுரையீரல், எக்ஸ்ரே, நிழல் என்ற சொற்கள் காதில் விழுந்துவிட்டன. வீட்டுக்குப் போய் எதையும் காட்டிக்கொள்ளாமல் தட்டு கழுவினார். தாத்தா தாமாக வாய் திறந்தது நான்கு நாள் கழித்து. அந்த நான்கு நாளும் தினம் அவருக்குப் பிடித்த மீன் சூப் வைத்ததைத்தான் என் அப்பா ஞாபகம் வைத்திருக்கிறார். ஸ்விட்ச்போர்டு போனது, ஒயர் போனது, கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். அத்தை இரண்டு குளிர்காலம், பனியில் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்ப் படித்துவந்தார்.

எட்டரைக்கு ரோட்னி வந்தார். மில் பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே வந்தார்; எங்கள் ஊரில் அதைக் கோபம் என்று சொல்லத் தேவையில்லை.

“அவன் பார்த்துட்டானா?”

“பெட்டியில இருக்கு. இன்னும் திறக்கல.”

“பெட்டி எங்க இருக்கு?”

அத்தை கைகாட்டினார். ரோட்னி சர்வரைப் பார்த்தார். “இதுலயா? உன் மேசைக்குப் பக்கத்துலயா? அப்ப எடு.”

“முடியாது.”

“முடியாதா, மாட்டியா?”

“மாட்டேன்.”

“தப்பு யாருது வெர்னா?”

“என்னுது.”

“உன் தப்பை நீ திருத்து. ஒரு தட்டு தட்டினா போதும்னு எனக்கே தெரியும்.”

“வரிசையில இருக்கிற வரைக்கும் அது உன்னுது. நீ சொன்னா எடுப்பேன், ஏன்னு கேட்க மாட்டேன். அவன் பெட்டியில விழுந்தப்புறம் அது டேலோடது. அவன் சாமானை நான் எப்படித் தொடுவேன்?”

“அவனுக்கு வந்ததே தெரியாதே.”

“உன் பெட்டியில வந்ததும் உனக்குத் தெரியாது. அதுல யாராவது கைவிட்டா சும்மா இருப்பியா?”

ரோட்னி என்னைப் பார்த்தார். “நீயாவது சொல்லும்மா. உலகம் சுத்தினவதானே.”

நான் சொன்னேன். தவறுதலாகப் போனதைத் திரும்பக் கொண்டுவருவது நியாயம்தான், ஒருத்தருக்கும் நஷ்டமில்லை என்று. இப்போதும் அது அவ்வளவு தவறான பேச்சாகத் தோன்றவில்லை. அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

“இருபது வருஷம் உனக்கு விறகு அறுத்துப் போட்டிருக்கேன்” என்றார் ரோட்னி. “ஈர விறகு ஒரு கட்டைகூடப் போட்டதில்ல.”

“போன வருஷம் போட்டே.”

“அது டேல் ஏத்தினது.” சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். “அதுல நான் எழுதினது எல்லாம் அவன் படிச்சா, திங்கக்கிழமை அவன் முகத்தைப் பார்க்க முடியாது. ஐம்பத்தாறு வயசு எனக்கு. வேற எந்த வேலையும் தெரியாது.”

“அவன் படிக்கறதுக்கு முன்னாடி நேர்ல சொல்லு.”

“நேர்ல சொல்ல முடிஞ்சா நாலு வருஷம் ஏன் எழுதறேன்?”

அத்தை நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். “இன்னைக்கு எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லப்போறேன். உனக்கும் சொல்றேன். உன் பெட்டியைத் திறந்து பாரு.”

“என் பெட்டியில மில்லுக்கான விளம்பரம்தான் இருக்கும்.”

“பாரு.”

அவர் பார்க்கப்போவதில்லை என்று நடையிலேயே தெரிந்தது. லாரியைக் கிளப்பி மில் பக்கம் திரும்பினார்.

மீதிப் பதினாறு பேருக்கும் அத்தை போன் செய்தார். டேல் எடுக்கவில்லை, தேவாலயத்துக்குக் கிளம்பியிருப்பார். பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள் என்று பத்தரைக்கு நாங்களும் போனோம். பிரார்த்தனை முடிந்து, கீழ்த்தளத்தில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் வந்ததும் அத்தை ஒரு கரண்டியால் கோப்பையைத் தட்டினார்.

“நேத்து சாயந்தரம் எழுதினது எல்லாம் போயிடுச்சு. நான் வச்ச ஒரு காவல்காரன் வரிசையை எழுப்பி விட்டுட்டான். தப்பு என்னுது. எழுதினவங்க எழுதினதை நினைச்சுக்கோங்க. மத்தவங்க பெட்டியைப் பாருங்க.”

பாடகர் குழுவில் இருக்கும் ஐலீன், கையில் ரொட்டியோடு, குழுவை நடத்தும் மேவிஸைப் பார்த்தார்.

“உனக்கு வந்துதா?”

“காலையிலயே படிச்சேன். உன் ராஜினாமாவை ஏத்துக்கிட்டேன்.”

“அதை நீ ஏத்துக்க முடியாது மேவிஸ். எழுதறப்போ நாலாவது பீர்.”

“எழுத்தைப் பார்த்தா ஆறாவது மாதிரி இருந்துச்சு. என் பேரையே தப்பா எழுதியிருக்கே.”

சிரிப்பு எழுந்தது. அதில் பாதி பயம். சிலர் கோட்டை மாட்டிக்கொண்டு வேகமாக வெளியேறினார்கள். ஒருவர் அத்தையிடம் வந்து, “பதினேழு வருஷத்துல ஒரு தடவை, பரவாயில்ல” என்றார். இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

டேல் கோட்டுகள் மாட்டும் இடத்தில் அத்தையைப் பிடித்தார். தம்பியைவிட ஆறு வயது மூத்தவர், அவரைவிட ஒல்லி.

“என்னோடதும் போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

“எடுத்துடு வெர்னா. ரோட்னி ஞாயித்துக்கிழமை மெயிலே பார்க்க மாட்டான். அவனுக்குத் தெரியவே தெரியாது.”

“அவன் பெட்டி அது டேல்.”

“நாலு வருஷமா பன்னெண்டு மணிக்கு முன்னாடி நான் போன் பண்றேன், நீ எடுக்கறே. இன்னைக்கு மட்டும் என்ன?”

“இன்னைக்கு வரிசையில இல்ல. பெட்டியில இருக்கு.”

டேல் குரலைத் தாழ்த்தினார். “அதைப் படிச்சான்னா என்னோட ஒரு நாள் நிக்க மாட்டான்.”

ஒரே காலையில் இரண்டாவது முறையாக அதே பயத்தைக் கேட்டேன். இரண்டு பேருடைய கடிதமும் மற்றவர் பெட்டியில் இருப்பது அத்தைக்குத் தெரியும்; இரண்டு பேரிடமும் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. அவர் தம் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே இருந்தார்; ஒன்றைத் தப்பான துளையில் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார்.

“ரோட்னி மில்லுல இருக்கான்” என்றார். “போய்ப் பேசு.”

“நீயும் வா. உன்னாலதானே.”

“வரேன்.”

நான் ஓட்டினேன். மில் அலுவலகம் என்பது ஒரு அடுப்பும் ஒரு கம்ப்யூட்டரும் உள்ள மரக் கொட்டகை. ரோட்னி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அதன் ப்ளக்கைப் பிடுங்கி ஒயரை உள்ளங்கையில் சுற்றி வைத்திருந்தார்.

“இன்னைக்கு ஆர்டர் எதுவும் பார்க்க வேணாம்” என்றார் அண்ணனிடம்.

“பார்க்க வரல.”

“பின்ன?”

“நீ பார்க்கக் கூடாதுன்னு வந்தேன்.”

ரோட்னி ஒயரைக் கீழே வைத்தார். “நீ எனக்கு எழுதினியா?”

“நீ?”

யாரும் சிரிக்கவில்லை. அத்தை வாசலிலேயே நின்றார்.

“நான் சொல்லிடறேன்” என்றார் ரோட்னி. “நான் விலகறேன்னு எழுதியிருக்கேன். நாலு பத்தி. நீ என்னைக் கூலிக்காரன் மாதிரி நடத்தறே. அப்பா சாவியை உன்கிட்ட குடுத்தார், நீ அதை என் கண்ணு முன்னாடி ஆட்டிக்கிட்டே இருக்கே. இன்னும் மோசமாவும் எழுதியிருக்கேன். உன்னுது என்ன?”

டேல் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். “அப்பா உன்னைக் கேட்டார்.”

“என்ன?”

“ஆஸ்பத்திரியில. நீ மான் வேட்டைக்குக் காட்டுக் குடிசையில இருந்தே. ரோட்னி எங்கன்னு ரெண்டு தடவை கேட்டார். நான் கார் எடுத்தா ஒரு மணி நேரத்துல உன்னைக் கூட்டிட்டு வந்திருப்பேன். நாளைக்குப் போலாம்னு இருந்துட்டேன். நாளைக்கு அவர் இல்ல. நீ வந்து, அப்பா ஏதாவது கேட்டாரான்னு கேட்டப்போ இல்லன்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம் மாத்தத் தெரியல.”

ரோட்னி எழுந்து வெளியே போனார். மரக்கட்டைகள் அடுக்கியிருந்த இடத்துக்கு நடந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். லாரியைக் கிளப்பிவிடுவார் என்று நினைத்தேன். டேலும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது. ஜன்னல் பக்கமே பார்க்கவில்லை.

திரும்பி வந்தவர் ப்ளக்கைச் சொருகினார். தம் பெட்டியைத் திறந்து டேலின் கடிதத்தை முழுக்கப் படித்தார். பிறகு எழுந்து நாற்காலியை அண்ணனுக்குத் தள்ளினார்.

“என்னோடதையும் படி. சரிக்குச் சரி.”

டேல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

“மூணாவது பத்தி சரி” என்றார் கடைசியில். “மத்தது பீர்.”

“ரெண்டாவதும் சரி.”

“ரெண்டாவது பாதி சரி.”

“நாலு வருஷம் டேல்.”

“ஆமா.”

“அப்பா என்னைக் கேட்கலன்னே நான் நாலு வருஷம்...” ரோட்னி முடிக்கவில்லை. “எந்த மாதிரி கேட்டார்? வார்த்தையைச் சொல்லு.”

டேல் சொல்ல ஆரம்பித்தபோது அத்தை என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டார்.

காரில் பாதி வழி வந்ததும் அத்தை சொன்னார். “இருநூறு ஞாயிறு இருக்கும். ஒவ்வொரு தடவையும் டேலோட அந்த லெட்டரை என் கையாலதான் எடுத்துப் போட்டேன்.”

“உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதே அத்தை.”

“தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அவன் சொன்னா எடுத்திருப்பேன். சனிக்கிழமை ஊர்ல விஷம்தான் எழுதுவாங்கன்னு நினைச்சிருந்தேன்.”

ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார். அன்று மதியமே காவல்காரனின் பட்டியலிலிருந்து உறுப்பினர்களின் வரிசைக்காரனை எடுத்தார். நிர்வாகக் குழுவுக்குத் தம் தவறை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை நிறுத்தம் தொடர வேண்டுமா என்று மறுபடி கை தூக்கிச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். தூக்கினார்கள், தொடர்கிறது. முன்பு எதிர்த்தவர்கள் ஒன்பது பேர், இப்போது நாற்பது.

ரோட்னி செப்டம்பரில் மில்லை விட்டார். மர லாரி ஓட்டுகிறார். அவருடைய முதல் லோடு டேலின் மில்லுக்குத்தான் போகும். அந்த ஞாயிறுக்குப் பிறகு இருவரும் இரண்டு மாதம் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான்கு வருடப் பொய் ஒரு மதியத்தில் கரைவதில்லை. இதை எழுதட்டுமா என்று இருவரையும் கேட்டேன். ரோட்னி சரி என்றார். டேல், “அவன் சொன்ன மாதிரி நாலு பத்தின்னே போடு, ஆனா எழுதினது ஆறு” என்றார்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அதற்கு முன், அந்த ஞாயிறுக்கு அடுத்த சனிக்கிழமை, மாலை ஐந்தரைக்கு அலுவலகத்தில் போன் அடித்தது. அத்தை எடுத்தார்.

“வெர்னா, டேலுக்கு ஒண்ணு எழுதி இப்ப அனுப்பினேன்.”

“மணி அஞ்சரை ரோட்னி. வரிசை ஓடிட்டிருக்கு. அது போயிருக்கும்.”

“தெரியும். அதுக்குத்தான் இப்பவே அனுப்பினேன். நான் இன்னும் சவுனா மூட்டவே இல்ல.”

“பின்ன எதுக்குப் போன்?”

“நாளைக்குக் காலைல நான் கூப்பிட்டு எடுத்துடுன்னு சொன்னா...”

“முடியாதுன்னு சொல்வேன்.”

“அதை நாளைக்குச் சத்தமா சொல்லு” என்றார் ரோட்னி. “எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.”